வலை கிடந்த மூலை

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று வாங்கப்படும் கருவிகளின் விலை ஓர் எல்லையைத் தாண்டிய பிறகு, கொடுக்கும் பணத்துக்கும் காதில் விழும் ஒலிக்கும் இடையிலான தொடர்பு மெல்ல அறுந்துபோகிறது என்பதும், அந்த எல்லை பெரும்பாலோர் எண்ணுவதைவிட மிக அருகிலேயே வந்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையாளர் பழவேற்காட்டுக் குப்பங்களில் கழித்த ஆண்டுகளிலிருந்து பெற்ற முடிவுகளாகும். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒடுங்கி நீளும் மணல்திட்டில் அமைந்த குப்பங்களில், ஒரு பக்கம் ஓயாத அலை இரைச்சலும் மறுபக்கம் காற்றில்லாத இரவுகளில் கழி ஊன்றும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும் நீர்ப்பரப்பும் இருந்ததால், ஒலியைப் பற்றி யோசிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது.

கட்டுரையாளரின் தாய்மாமன் வீட்டுக்கு முதல் டேப் ரெக்கார்டர் வந்தது 1980களில். ஏரியைக் கடக்கப் பாலம் இல்லாத அந்நாளில், அட்டைப்பெட்டி நனையாமல் இருப்பதற்காகப் பழைய பாயில் சுற்றிப் படகில் வைத்துக் கொண்டுவரப்பட்ட அந்தக் கருவியில், ரேடியோவும் கேசட்டும் ஒரே உடலில் இருந்தன. இரண்டு ஸ்பீக்கர்களைக் கழற்றித் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. இசையை இடம், வலம் என இரு தனித் தடங்களாகப் பதிவு செய்து, இரு ஸ்பீக்கர்களின் வழியே கேட்கும்போது கருவிகள் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒலிப்பதுபோன்ற உணர்வைத் தரும் முறைக்கு ஸ்டீரியோ என்று பெயர். தமிழ்த் திரையிசையில் அம்முறை 1978இல் வெளிவந்த ‘பிரியா’ படப் பாடல்களோடு பரவலாக அறிமுகமானது. கழற்றக்கூடிய ஸ்பீக்கரை அந்த வீடு பயன்படுத்திய விதம் வேறு. ஒன்று உள்ளே அலமாரிமேல் இருந்தது. மற்றொன்று தெருவிலிருப்போரும் கேட்கட்டும் என்று வாசல் இறவாணத்தில் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டது. இதன் விளைவாக வீட்டுக்குள் இருந்தவர்களுக்குப் பாட்டில் பாதிக் கருவிகளும், திண்ணையில் வலை பின்னியவர்களுக்கு மீதிக் கருவிகளும் கேட்டன. சில பாடல்களில் வயலின் கூட்டம் முழுவதும் தெருவுக்குப் போய்விட, உள்ளே கிதாரும் தபலாவும் மட்டும் தங்கின. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டதாகக் கட்டுரையாளருக்கு நினைவில்லை. பாட்டைப் பகிர்ந்துகொள்வது அதை முழுதாகக் கேட்பதைவிட முக்கியமாக இருந்த வீடு அது. ஒலித்தரம் பற்றிய எந்தக் கணக்கும் அந்த வீட்டின் தேவை எது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்த பத்தாண்டில் கருவிகளின் இடத்தை ‘அசெம்பிள் செட்டு’ பிடித்துக்கொண்டது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்களை வாங்கி வந்து, பொன்னேரியிலோ பழவேற்காட்டுக் கடைத்தெருவிலோ இருந்த மெக்கானிக்குகள் தகரப் பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்த ஆம்ப்ளிஃபயர்தான் அது. கேசட்டிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சைகையை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்கித் தருவதே ஆம்ப்ளிஃபயரின் வேலை. அவற்றில் பலவற்றின் உயிர்நாடி, தமிழ்நாட்டுச் சிறுநகர மெக்கானிக்குகள் அனைவரும் அறிந்த ‘4440 ஐசி’ என்ற சிறு சில்லு. கார் பேட்டரி அளவு மின்னழுத்தத்தில் அது பக்கத்துக்கு 6 வாட் வீதமும், இரு பக்கங்களையும் இணைத்துக் கட்டினால் 19 வாட் அளவும் தரக்கூடியது. ஆனால் அத்தகைய சில்லு உட்கார்ந்திருந்த பெட்டிகளின் முகப்பில் 500 என்றும் 1000 என்றும் ‘பி.எம்.பி.ஓ.’ வாட் அச்சிடப்பட்டிருக்கும். கருவி ஒரு கணப்பொழுது உச்சத்தில் தரக்கூடியதாகக் கற்பித்துச் சொல்லப்படும் இந்த அளவுக்குப் பொதுவான வரையறை எதுவும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிப்பது ‘ஆர்.எம்.எஸ்.’ வாட் மட்டுமே. 12 வோல்ட், 2 ஆம்பியர் மின்மாற்றியில் இயங்கும் பெட்டிக்குள் நுழையும் திறனே 24 வாட்தான் என்பதால், அதிலிருந்து தொடர்ச்சியாக 1000 வாட் வெளிவருவது எந்த வகையிலும் ஆகாத காரியம்.

வாட் இரட்டிப்பானால் சத்தமும் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கை அந்நாளில் எல்லாரிடமும் இருந்தது, இன்றும் மறையவில்லை. சத்தத்தின் அளவு டெசிபல் என்ற அலகால் குறிக்கப்படுகிறது. ஆம்ப்ளிஃபயரின் திறனை இரு மடங்காக்கினால் கிடைக்கும் கூடுதல் 3 டெசிபல் மட்டுமே. அது கவனித்துக் கேட்டால் தெரியும் மாற்றமே தவிர, பெரிய மாற்றமன்று. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குத் திறனைப் பத்து மடங்காக்க வேண்டும். மாறாக, ஒரே ஒரு வாட்டைக் கொண்டு அதிகச் சத்தம் எழுப்பும் ஸ்பீக்கரைத் தேர்ந்தால் அதே 3 டெசிபல் செலவின்றிக் கிடைத்துவிடும். ஆடி மாதக் கூழ் வார்ப்பின்போது தென்னையில் கட்டப்பட்ட மைக் செட்டுக்காரரின் குழாய், சில பத்து வாட்டில் மூன்று குப்பங்களுக்குக் கேட்டதன் இரகசியமும் இதுவே. கூம்பு வடிவம் ஒலியைக் காற்றுக்கு மிகத் திறமையாகக் கைமாற்றிவிடும். அடிநாதமும் உச்சஸ்தாயியும் அதில் எழாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

கடலோரத்தில் கருவிகள் சாகும் விதமும் தனி. உப்புக்காற்று செம்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு பூக்கச் செய்யும். இரும்புச் சட்டத்தைத் துருவாக்கும். ஸ்பீக்கரின் கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் நுரை வளையத்தை, வெப்பமும் ஈரமும் சேர்ந்து சில ஆண்டுகளில் விரலால் தொட்டால் உதிரும் மாவாக்கிவிடும். கேசட் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, அது ஓடும்போது டேப்பின் ‘ஹெட்’ என்ற படிப்பானில் ஒட்டிக்கொண்டு பாட்டை மூக்கடைத்ததுபோல் ஆக்கிவிட்ட காலை வேளைகளும், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதைத் துடைத்தவுடன் பாடகரின் குரல் பளிச்சென்று திரும்பிய வியப்பும் கட்டுரையாளரின் பள்ளிப் பருவத்தோடு பின்னிக் கிடப்பவை. பிற்காலத்தில் ‘தங்க முலாம் பூசிய’ இணைப்பிகள் ஒலியை இனிமையாக்கும் என்று விற்கப்பட்டபோது, அந்த வாதம் பொய் என்பதும், ஆனால் தங்கம் களிம்பு பிடிக்காது என்ற ஒரே காரணத்துக்காகப் பழவேற்காடு போன்ற இடத்தில் அதற்கு ஓரளவு பயன் உண்டு என்பதும் சேர்ந்தே புரிந்தன. ஆண்டுக்கு இரு முறை ஸ்பிரிட்டால் துடைப்பதும் அதே பயனைத் தரும். நுரை வளையத்துக்குப் பதில் ரப்பர் வளையம் கொண்ட ஸ்பீக்கரைத் தேர்வதும், மாலை நேரத்தில் தாழ்ந்து இரவில் எகிறும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசரை வாங்குவதும் அந்தக் கரையில் செலவழித்த பணத்துக்கு முழுப் பலன் தந்தவை. காட்சியறைகளில் இவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு அப்பகுதிக் குப்பங்களில் ஓலை வீடுகள் குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகின. மாமாவும் கான்கிரீட் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். சிமெண்ட் பூசிய நான்கு சுவர், தளம் போட்ட கூரை, வழவழப்பான டைல்ஸ் தரை. அந்த வீட்டில் பழைய செட்டு திடீரென்று மோசமாகக் கேட்கத் தொடங்கியது. குரல் குழைந்தது, தாளம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மோதியது. கருவி கெட்டுவிட்டது என்று மாமா தீர்மானித்தார். அதையே கட்டுரையாளரும் நம்பினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். 2014 வாக்கில், மகன்கள் சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட நிலையில், வாழ்நாளில் ஒரு முறையாவது நல்ல செட்டு ஒன்றில் பாட்டுக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையோடு அவர் கட்டுரையாளரை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போனார். அங்கே ஒரு காட்சியறையின் குளிரூட்டப்பட்ட அறையில், கம்பளம் விரித்த தரையில், தடித்த திரைகளுக்கு நடுவே அமர்ந்து கேட்டபோது, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தட்டு இத்தனை ஆண்டுகளாகத் தமக்கு மறைத்துவைத்திருந்தவை எல்லாம் வெளிப்பட்டதாக அவர் முகம் மலர்ந்தது. ஆம்ப்ளிஃபயருக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய், ஸ்பீக்கர் கம்பிக்கு மட்டும் 18 ஆயிரம் என்று விலை சொல்லப்பட்டது. அந்தத் தொகையில் படகின் டீசல் என்ஜினைப் பிரித்துப் பழுதுபார்த்து, புது வலையும் கட்டிக்கொள்ளலாம் என்பதை அவரே வாய்விட்டுச் சொல்லி, சொன்ன பிறகும் ஆசை குறையாமல், முடிவெடுக்கும் பொறுப்பைக் கட்டுரையாளரிடம் ஒப்படைத்தார்.

முதலில் கம்பியின் கணக்கு போடப்பட்டது. கம்பி மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை அதிகமானால்தான் ஒலியில் மாற்றம் வரும். கடைத்தெருவில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.011 ஓம், ஐந்து மீட்டர் தொலைவுக்குப் போகவர பத்து மீட்டர் என்றால் 0.11 ஓம், 8 ஓம் தடை கொண்ட ஸ்பீக்கரின் முன் அது எழுபதில் ஒரு பங்கு. அதற்குமேல் 18 ஆயிரம் ரூபாய்க் கம்பி குறைப்பதற்கு எதுவும் மீதமில்லை.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் கணக்கு மட்டும் மாமாவுக்குப் போதவில்லை; காதால் பார்த்துவிட வேண்டும் என்றார். சென்னை நண்பர் ஒருவர் தம்முடைய விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரை இரண்டு நாள் இரவல் தந்தார். அதையும் வீட்டிலிருந்த சாதாரண ஆம்ப்ளிஃபயரையும் ஒரே ஸ்பீக்கருக்கு மாற்றி மாற்றி இணைக்கும் பணி மருமகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நாணயத்தைச் சுண்டி எதை இணைப்பது என்று அவர் தீர்மானிப்பார், முன்னால் ஒரு பழைய போர்வை திரையாகத் தொங்கும். இத்தகைய மறைப்புச் சோதனையில் தவறாமல் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. மனிதக் காது சற்றே கூடுதலான சத்தத்தைச் சத்தமாக உணராமல் ‘நல்ல தரம்’ என்று உணரும் இயல்புடையது. எனவே ஒரே சுருதியில் நிற்கும் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் இரண்டுக்கும் ஒரே வோல்ட்டைக் காட்டும்வரை சத்தம் சரிசெய்யப்பட்டது. இருபது சுற்றுகளில் மாமா 11 முறையும், பத்து வயதுப் பேத்தி 9 முறையும் சரியாகச் சொன்னார்கள். வேறுபாடு உண்மையிலேயே கேட்கிறது என்று ஏற்றுக்கொள்ள இருபதில் 15 முறையாவது சரியாக இருக்க வேண்டும். குருட்டாம்போக்கில் ஊகிப்பவருக்கு அது நூற்றில் இரண்டு முறைதான் வாய்க்கும். போர்வையை நீக்கிய பிறகு, இரவல் கருவியின் முகப்பு விளக்கைப் பார்த்தபடி கேட்ட மாமா, இதில் குரல் நன்றாக இருக்கிறது என்றே மறுபடியும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கனடாவின் தேசிய ஆய்வுக் குழுமத்தில் பல ஆண்டுகள் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃபிளாய்டு டூல், பின்னர் ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த காதுடையோர்கூடப் பார்த்தபடி கேட்கும்போது பெரிய, விலை உயர்ந்த பெட்டிகளுக்குக் கொடுத்த மதிப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் கேட்டபோது கொடுக்கவில்லை. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், குறுந்தகட்டின் தரத்துக்கும் அதைவிட நுண்ணிய பதிவுக்கும் இடையே வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நடந்த 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாக அமைந்தன. நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பதில் சொன்னாலும் ஏறக்குறைய அவ்வளவே கிடைத்திருக்கும்.

நண்பர் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துத் தந்திருந்த ஸ்பீக்கர்களை இணைத்தபோது போர்வையும் நாணயமும் தேவைப்படவில்லை. முதல் வரியிலேயே வேறுபாடு எல்லாருக்கும் தெரிந்தது. மின்சாரத்தை அசைவாகவும் அசைவை ஒலியாகவும் மாற்ற வேண்டிய பொறுப்பு ஸ்பீக்கருடையது, பிழைகள் மிகுதியாகப் புகுவதும் அங்கேதான்; செலவழிக்கத் தகுந்த பணம் இருந்தால் அது முதலில் அங்கே போக வேண்டும் என்பதில் கட்டுரையாளருக்கு இன்றும் ஐயமில்லை.

அந்த மாலையில் நடந்த இன்னொன்று எழுதுவதற்குக் கடினமானது. கைப்பேசியில் வெவ்வேறு அதிர்வெண்களை எழுப்பும் செயலி ஒன்றைப் பேத்தி விளையாட்டாக ஓடவிட்டாள். அதிர்வெண் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு. இளம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், வயது ஏறும்போது மேல் எல்லை இறங்கும். பேத்தி 16,000 ஹெர்ட்ஸில் காதைப் பொத்திக்கொண்டாள். மாமாவுக்கு 6,000த்திலேயே அறை அமைதியாகிவிட்டது. 4,000 ஹெர்ட்ஸில்கூட, சத்தத்தைக் கூட்டிய பிறகே தலையசைத்தார். ஃபைபர் படகின் பின்புறத்தில் டீசல் என்ஜினுக்கு ஒரு கை தொலைவில் கால் நூற்றாண்டு அமர்ந்திருந்த காது அது. தொடர்ந்து 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் இருப்பது செவிக்குக் கேடு என்பதும், அந்தக் கேடு முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டியே தொடங்குகிறது என்பதும் மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்தவை; ஆனால் கரையோரத்தில் என்ஜின் விற்றவர்களோடு சேர்த்துக் காதடைப்பான் விற்றவர் எவரையும் கட்டுரையாளர் கண்டதில்லை. 40,000 ஹெர்ட்ஸ் வரை பாடும் என்று அச்சிட்ட கருவியை இந்தக் காதுக்காக வாங்கலாமா என்று ஆலோசித்துக்கொண்டிருந்ததை நினைத்தபோது, அன்றிரவு கட்டுரையாளருக்குச் சோறு இறங்கவில்லை.

அடிநாதத்துக்காகத் தனிப்பெட்டி வாங்கலாம் என்று மூத்த மகன் சொன்ன யோசனையை மாமாவே தள்ளிவிட்டார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 முதன்முறை புறப்பட்ட காலந்தொட்டு அந்தக் குப்பங்களுக்கு ராக்கெட் ஒலி பழக்கமானது. ஒளி தெரிந்து ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் கழித்து, தொலைவில் உச்ச அதிர்வுகளையெல்லாம் காற்று உறிஞ்சிவிட்ட பிறகு மிஞ்சும் அடிநாதம் ஏரிமேல் உருண்டு வந்து சன்னல் கதவையும் நெஞ்சையும் ஒருசேர அதிரவைக்கும். அதைக் கேட்டவருக்குப் பெட்டியின் உறுமல் பெரிதில்லை என்பது அவர் கருத்து.

விடை வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வலுத்த ஒரு நாள், வெளியே கொட்டகையில் கிடந்த வலைகள் நனைந்துவிடும் என்று அவசரமாக உள்ளே இழுத்துப் போடப்பட்டன. மிதவையும் ஈயக்குண்டும் கயிறுமாக இடுப்பு உயரக் குவியல் ஒன்று ஸ்பீக்கருக்கு எதிர்மூலையில் எழுந்தது. பிரித்துப் போட்ட இன்னொரு வலை பக்கச் சுவரில் சாத்தப்பட்டது. அறை முழுதும் உவரும் காய்ந்த பாசியும் மணந்தது. மழை விட்டதும் மாமா பழைய செட்டைப் போட்டார். இரண்டு வரி ஓடியது. “இன்னா மாப்ளே, பாடுறவன் கிட்ட வந்துட்டான்!” என்றார்.

அது கற்பனையன்று. வெற்றுச் சுவர்கள் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பதால், பாடி முடிந்த எழுத்து மறைவதற்குள் அடுத்த எழுத்து வந்து அதன்மேல் விழுகிறது. இவ்வாறு ஒலி அறையில் தங்கி மறையும் கால அளவே எதிர்முழக்கக் காலம். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட ஃபாக் அருங்காட்சியகத்து விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்காமற்போனபோது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாசிரியரிடம் தரப்பட்டது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமந்து வந்து கூடத்தில் பரப்பி, ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தை அவர் அளந்தார். வெறும் கூடத்தில் ஐந்தரை நொடி நின்ற ஒலி, மெத்தை கூடக்கூடக் குறைந்தது. அறையின் கொள்ளளவையும் அதிலுள்ள உறிஞ்சும் பொருள்களையும் கொண்டு எதிர்முழக்கத்தைக் கணக்கிடும் விதி அவ்வாறே பிறந்தது. உறிஞ்சும் திறனுக்கு அவர் கொண்ட அலகு, திறந்த சன்னல். அதன் வழியே போன ஒலி திரும்புவதில்லை. அப்படிப் பார்த்தால், கீற்றின் இடைவெளிகளில் வானம் தெரிந்த பழைய ஓலை வீடு முழுவதும் திறந்த சன்னலாகவே இருந்திருக்கிறது. மாமாவின் செட்டு அங்கே நன்றாகக் கேட்டதும், கான்கிரீட் வீட்டில் கெட்டுப்போனதாகத் தோன்றியதும் கருவியின் குற்றமல்ல. காட்சியறையில் அவரை மயக்கியதில் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயின் பங்கைவிட, கம்பளத்தின் பங்கும் திரைச்சீலையின் பங்கும் மிகப் பெரியவை.

ஆம்ப்ளிஃபயர் வாங்கப்படவில்லை. ரப்பர் வளையம் கொண்ட நடுத்தர விலை ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் ஸ்டெபிலைசர் ஒன்றும் வந்தன; என்ஜினும் அந்தக் கோடையில் பிரித்துப் பார்க்கப்பட்டது. மழைக்காலம் முடிந்து வலைகள் படகேறிய நாளில் அறை மீண்டும் பழையபடி முழங்கவே, மாமா கிழிந்து ஒதுக்கிய பருத்த நூல் வலைகளைத் தேடியெடுத்து, நன்னீரில் இரண்டு முறை அலசி உப்புப் போக்கி, நான்கு மடிப்பாக மடித்து எதிர்ச்சுவரில் வரிசையாக ஆணியில் மாட்டினார். மிதவைகளை மட்டும் கழற்றிவிடச் சொன்னவர் அத்தை. அவற்றைப் பேத்தி விளையாட எடுத்துக்கொண்டாள்.